படத்தில் நான் மன்னித்தேனாம்

அஸ்ஸலாமு அலைக்கும். இவ்வளவுக்குப் பிறகும் ஸலாம் சொல்லாமல் உனக்கு எழுத வரவில்லை.

உன் நாவலைப் படமாக்கியிருக்கிறார்கள் என்று மகள் நிப்லா நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு அதைப் போட்டுக் காட்டினாள். தொண்ணூற்றொன்றின் மருதமுனை, நம் பள்ளிக்கூடம், நம் சிநேகிதம். சிரித்தபடிதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, நீயாக நடிக்கும் பெண் என் வாப்பாவிடம் வந்து, "மாமா, உங்கட மகள் உங்களுக்குத் தெரியாம டீச்சர் வேலைக்குப் படிக்க எழுதிப்போட்டிருக்கா. நாளைக்கு இன்டவியூ" என்றாள். அன்று நிஜத்தில் நடந்தது போலவே, வாப்பா அந்த அழைப்புக் கடிதத்தைக் கிழித்தார்.

அந்த விடயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: நீயும் என் கூடப்பிறந்த றஹீமா ராத்தாவும். நான் ராத்தாவைத்தான் சந்தேகித்தேன். "அல்லாஹ்வுக்காக நான் சொல்லல்லடி" என்று அவர் அழுதார். நம்பவில்லை. முப்பத்துநான்கு வருடங்கள் அவரோடு கதைக்கவில்லை. நீயோ, "சொந்த ராத்தாவே இப்படிச் செஞ்சிட்டாவே" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டாய்.

இன்று காலை ராத்தா வாழும் மாவடிப்பள்ளிக்குப் போனேன். ராத்தாவுக்கு இப்போது பார்வை குறைவு. குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார். "வந்துட்டியா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் இவ்வளவு காலம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் படத்தின் முடிவில், வயதான நான் கடற்கரையில் உன்னைக் கட்டிப்பிடித்து மன்னிக்கிறேன். அதைப் பார்த்து நிப்லா அழுதாள். அந்த மன்னிப்பை நீ என்னிடம் கேட்கவேயில்லை. நீயே எழுதி, நீயே எடுத்துக்கொண்டாய்.

இப்படிக்கு,
வகுப்பில் உன் பக்கத்து வாங்கில் இருந்தவள்