மே தின அறிக்கையை வாசித்தவள்

அன்புத் தங்கச்சிக்கு,

துபாய் டூட்டியில் நீ போனை எடுப்பதில்லை, அதனால் காலையிலிருந்து உட்கார்ந்து எழுதுகிறேன். லீவுக்கு என்னிடம் வந்திருக்கும் உன் பொண்ணு ஹெப்சி, லீவு முடிவதற்குள் வாய்விட்டு வாசிக்கப் பழகாவிட்டால் வேறு பள்ளிக்கூடம் பாருங்கள் என்று அவள் மிஸ் சொன்னதாக அழுதாயே, இனி அழாதே.

என் வைத்தியத்தைக் கேள். மே தினத்தன்று தோல் தொழிற்சாலை வாசலில் சங்கத்தின் ஆண்டறிக்கையை வாசிக்கச் சொல்லி என்னைத்தான் கெஞ்சினார்கள். மூவாயிரம் பேர் கூட்டம். நாற்காலி மட்டும் நூறு. தாளைப் பிரித்தால் 'கழிவுநீர் சுத்திகரிப்பு' என்று முதல் வரியே முழ நீளம். உடனே ஒரு திட்டம் போட்டேன். "கண்ணாடிய வீட்ல மறந்துட்டேன், என் தங்கச்சி பொண்ணு வாசிப்பா" என்று மைக்கை அவளிடம் நீட்டிவிட்டேன்.

முதல் இரண்டு வரிக்கும் அவளுக்குக் குரலே வரவில்லை. கீழேயிருந்து ஒரு பொறாமைக்காரன், "பயப்படாத பாப்பா, உங்க மாமா வாசிச்சா அடுத்த மே தினமே வந்துரும்!" என்று கத்தினான். அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் அறிக்கையின் நான்கு பக்கமும் எக்ஸ்பிரஸ் ரயில்தான்!

இறங்கியதும், "இன்னா மாமா, நீ கண்ணாடி போட்டு நான் பாத்ததே இல்லியே?" என்றாள். பிள்ளைகளுக்கு ஞாபகம் கம்மி.

அன்றிலிருந்து சாயந்திரமானால் பேப்பரை விரித்து என்னை வாசிக்கச் சொல்கிறாள். திருத்துகிற சந்தோஷம் அவளுக்குக் கிடைக்கட்டும் என்று வேண்டுமென்றே தப்புத்தப்பாக வாசிக்கிறேன். நேற்று கவனமில்லாமல் ஒரு பத்தி முழுவதையும் சரியாக வாசித்துவிட்டேன். கட்டில்மேல் ஏறி நின்று கைதட்டினாள்.

ஆம்பூரிலிருந்து,
உன் ஒரே அண்ணன்