கூடையில் தொங்கப்போகும் அம்மா

ஜூன் 4

போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். அம்மா பார்த்தால் தொலைந்தேன்.

அம்மா இப்போது நடிக்கும் படத்தில் ஒரு குடும்பம், காணாமல் போன ஒட்டகத்தைத் தேடிப் பலூனில் போகிறது. கதாநாயகி வழுக்கி விழுந்து கூடையின் விளிம்பில் தொங்குவாள். கணவன் அதைக் கவனிக்காமல் மூக்குக்கண்ணாடியைத் தேடுவான். எல்லோரும் சிரிக்க வேண்டும். ஆனால் தொங்கப்போவது கதாநாயகி இல்லை. அவளுக்கு டூப் போடும் என் அம்மா.

ஜூன் 5

பள்ளி விட்டதும் ஒத்திகைக்குப் போனேன். இயக்குநரைப் பம்பரம் என்பார்கள், ஓரிடத்தில் நிற்க மாட்டார். "இடுப்புக் கயிறு கேமராவுல தெரியுதும்மா. அது தெரிஞ்சா எவன் சிரிப்பான்?"

"அவுத்துட்டா போச்சு சார். ஒரு நிமிஷம்தானே" என்றாள் அம்மா.

மூன்று மாடி உயரம்!

போன படத்தில் விழுந்ததிலிருந்து அவளால் இடது கையில் பால் பாத்திரத்தைக்கூடத் தூக்க முடியவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். "வெளிய மூச்சு விட்ட, தோலை உரிச்சிடுவேன். அப்புறம் என்னை எவனும் கூப்பிட மாட்டான்."

ஜூன் 6

கண்ணை மூடினால், கூடையில் ஒரு கை மட்டும் —

ஜூன் 7

அம்மாவின் கையைப் பற்றி ஸ்டன்ட் மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அம்மாவைக் கூப்பிட்டு, "கையைத் தூக்கு, பாப்போம்" என்றார். தோளுக்கு மேல் போகவில்லை.

அம்மா என்னைப் பார்த்த பார்வை! ஐயோ, என்ன செஞ்சுட்டேன் நான்? இனிமே நிஜமாவே யாரும் கூப்பிடலன்னா?

ஜூன் 8

அம்மா தட்டை ணங்கென்று வைத்தாள்.

ஜூன் 10

அம்மாவுக்குப் பதிலாக ஓர் அக்கா வந்தாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள், அவ்வளவுதான். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க மாஸ்டர் அம்மாவையும் வரச்சொல்லியிருந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"கயிறு வேண்டாம்" என்றார் பம்பரம். அக்கா தலையாட்டினாள். கயிறு மாட்டும் இடுப்பு பெல்ட்டைக் கழற்றப் போனாள்.

அம்மா போய்க் கூடையை மறித்து நின்றாள். "கயிறு இல்லாம இவ ஏற மாட்டா. சிரிப்பு வரலன்னா நீங்க தொங்குங்க சார்."

மாஸ்டர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். பம்பரம் வேறு வழியில்லாமல் கயிற்றுக்குச் சம்மதித்தார்.

இதை அவள் தனக்காகச் சொல்லியிருக்கக் கூடாதா?

அக்காவின் இடுப்பு பெல்ட்டை அம்மாவே இறுக்கினாள். இடது கை ஒத்துழைக்கவில்லை. மறைக்கவில்லை அவள். எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்து அதட்டினாள்: "என்ன வேடிக்கை? வந்து இந்தப் பக்கம் பிடி."

ஓடிப் போய்ப் பிடித்தேன்.