வெங்காயம் அடங்கும் சத்தம்

ஹைல்பிரோனுக்கு மேலே, அக்டோபர்

அன்பு மகள் அன்னெகிரெட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை டங்கனும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன், ஏதாவது கோளாறு என்றால் உன் போன் எனக்கு முந்திக்கொண்டிருக்கும். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர அதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். உங்கள் நியூசிலாந்தில் இப்போது வசந்தமாமே, தோட்டத்தில் ஆப்பிள் பூத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், கேட்கவே வேடிக்கையாக இருக்கிறது. இங்கே திராட்சை முக்கால்வாசி பறித்தாகிவிட்டது, மழை இந்த வருஷம் நம்மைப் பிழைக்க விட்டது, அப்பா மட்டும் வழக்கம்போல வானத்தைத் திட்டிக்கொண்டே பறிக்கிறார். உன் அண்ணன் ஃபோல்கர் வந்திருந்தான், அண்ணி ஃப்ரௌக்கேயும் லீவு போட்டுவிட்டு வந்து உதவினாள். வடகடல் ஓரத்துப் பெண் என்றாலும் சரிவில் கூடை சுமக்க அசரவில்லை, தங்கமான பெண். ஆனால் நான் சொல்லப்போகிற கதை அவளால்தான் ஆரம்பித்தது.

டங்கன் வீட்டாருக்கு நம் வெங்காயக் கேக் செய்து போடவேண்டும், எப்படி என்று ஒழுங்காக எழுது, "வாசனை வந்ததும் இறக்கு" என்று மட்டும் எழுதித் தொலைக்காதே என்று கேட்டிருந்தாய். படித்ததும் சிரித்தேன், அப்புறம் அழுதேன். எனக்கு மூக்கு போய்விட்டது, கண்ணே. மார்ச்சில் காய்ச்சல் வந்ததே, அப்போது போன வாசனை திரும்பி வரவேயில்லை. டாக்டர் வரலாம் வராமலும் போகலாம் என்கிறார், அதைச் சொல்ல டாக்டர் எதற்கு. காபி எனக்கு இப்போது கறுப்பு வெந்நீர். உன்னிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னை அடுப்புப் பக்கம் விடமாட்டார், லோரே அத்தை ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிப்பாள், அந்தப் பயம்தான். கோடையெல்லாம் எப்படியோ ஒப்பேற்றினேன், அப்பா போட்டதைச் சாப்பிடுகிற மனுஷர். இலையுதிர்காலம் அப்படி ஒப்பேற்றுகிற காலமா சொல். இங்கே ஒயின் உண்டு என்று ஊருக்குத் தெரிய வாசலில் துடைப்பத்தைக் கட்டிவிட்டால் நம் கூடமே ஒயின் கடை, சோபாவைத் தூக்கி மாடியில் போட்டுவிட்டு பெஞ்சுகளைப் போட்டதும் எங்கிருந்தெல்லாமோ வந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்வார்கள். வருகிறவர்கள் முதலில் கேட்பது என் கேக்கைத்தான், அப்பாவின் ஒயினை அப்புறம்தான்.

அப்பா பீப்பாயிலிருந்து, இன்னும் நுரைத்துப் பொங்கிக்கொண்டிருக்கிற புது ஒயினை ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வந்து வைத்திருந்தார். மூடியைச் சும்மா மேலே உட்கார வைப்போமே தவிர நம்மில் யாராவது திருகுவோமா? ஃப்ரௌக்கே ஊரில் ஒயின் தூங்கிப்போய்த்தான் பாட்டிலில் வந்து சேரும், அவளுக்கு அது தெரியவில்லை. சுத்தக்காரியாச்சே, மூடியை இறுக்கித் திருகிப் படுக்கவேறு வைத்து, உக்கிராண அறையில் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுப் படுத்துவிட்டாள். ராத்திரி அது வெடித்து மூட்டைக்குப் பின்னாலேயே ஓடியிருக்கிறது. காலையில் நான் அதே அறைக்குப் போய் வெங்காயம் அள்ளிக்கொண்டு வந்து ஆனந்தமாக நறுக்கிக்கொண்டிருக்கிறேன். அப்பா தோட்டத்திலிருந்து வந்து பூட்ஸோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "என்ன ரோஸ்விதா, வீடே திராட்சை பிழியிற கொட்டகை மாதிரி நாறுது, உனக்குத் தெரியலையா?" என்றார். எது என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய்க் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து, நறுக்கின வெங்காயத்தை அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டினார். இது என்ன என்றார். வெங்காயம் என்றேன். "கண்ணால பார்த்துச் சொல்லாத" என்றார். என் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. வெங்காயத்துக்கு அழ மூக்கு வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டேன், ஆனால் அத்தனையும் வெங்காயத்தால் வந்தது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஃப்ரௌக்கே ஓடிவந்து, எல்லாம் தன் பாட்டிலால் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டபடி நிற்கிறாள், பாவம்.

அப்பா கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மெதுவாகத்தான் சொன்னார், இந்த வருஷம் துடைப்பம் வேண்டாம், இல்லாவிட்டால் லோரே சுடட்டும் என்று. லோரேயாம்! மாவில் சர்க்கரை போடுகிறவள், வெங்காயத்தைக் கரியாக்கிவிட்டுப் பொன்னிறம் என்கிறவள். எனக்கு வந்ததே ஆத்திரம். ஒரே ஒரு கேக் சுடுகிறேன், முடியும்வரை இந்தப் பக்கம் தலை காட்டக்கூடாது, வாயில் வைத்துச் சரியில்லை என்றால் துடைப்பம் பரணிலேயே கிடக்கட்டும் என்று சொல்லி அவரைக் கதவுக்கு வெளியே தள்ளினேன். தள்ளிவிட்டேனே தவிர, கதவைச் சாத்தினதும் வெங்காயத்தையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தேன். இத்தனை வருஷம் மூக்கு சொன்னபடி ஆடினவள் நான், இனி யாரைக் கேட்பது?

இப்போது நீ கேட்டதை எழுதுகிறேன், பொறுமையாகப் படி. ஈஸ்ட் போட்ட மாவு உன் காதுமடல் எவ்வளவு மெத்தோ அவ்வளவு இருக்கவேண்டும், ஒரு கையால் உன் காதையும் இன்னொரு கையால் மாவையும் தொட்டுப் பார். வெங்காயத்தை மெல்லிய அரைவட்டமாக நறுக்கு, ஐயோ இது அதிகமாச்சே என்று உனக்கே தோன்றும்வரை நறுக்கு. புகைபோட்ட பன்றிக்கறியைப் பொடியாக வெட்டி அதன் கொழுப்பில் வெங்காயத்தைப் போட்டதும் சளசளவென்று சத்தம் வரும், அது வெங்காயத்தின் தண்ணீர், அதைக் கண்டுகொள்ளாதே, தீயை மட்டும் குறைத்துவை. கொஞ்ச நேரத்தில் சத்தம் இறங்கி, பக்கத்து அறையில் யாரோ பேசிக்கொள்கிற மாதிரி முணுமுணுப்பாகும். அப்புறம் அதுவும் அடங்கும். அந்த அடங்கின இடத்தில் இறக்கவேண்டும், கண்ணே, அப்போது வெங்காயம் கண்ணாடி மாதிரி இருக்கும். விட்டுவிட்டால் சுரீர் என்று புதுச் சத்தம் கிளம்பும், அது லோரேயின் சத்தம். ஆறினபிறகு முட்டை, புளித்த கிரீம், ஒரு கரண்டி உலர்ந்த மாவு, சீமைச்சோம்பு சேர்த்துத் தட்டில் பரப்பின ஈஸ்ட் மாவின் மேல் ஊற்றி ஓவனில் வை. சீமைச்சோம்பை விட்டுவிடாதே, புது ஒயினும் வெங்காயமும் வயிற்றில் சந்தித்தால் டங்கனின் அம்மா முன்னால் உனக்குத்தான் மானக்கேடு. வெந்ததா என்று பார்க்கத் தட்டை லேசாக உலுக்கு, நடுப்பாகம் மட்டும் தூக்கக் கலக்கத்தில் தலையாட்டுகிற மாதிரி ஆடினால் போதும். சுட்டு முடித்தபிறகுதான் யோசித்தேன், இந்தச் சத்தமெல்லாம் இத்தனை வருஷமும் என் காதருகேதான் இருந்திருக்கிறது, மூக்கு பேசிக்கொண்டே இருந்ததால் அதைக் கேட்கவில்லை. நீ சின்னப் பெண்ணாக அடுப்போரம் நின்று எப்போ வெந்தது, எப்படித் தெரியும் என்று நச்சரித்ததற்கு எனக்குப் பதில் தெரியாமல்தான் இருந்திருக்கிறது.

அப்பா வந்து உட்கார்ந்தார். அவர் பாராட்டிக் கேட்டவர் இந்த ஊரில் யாரும் இல்லை, திட்டாமல் விட்டாரா என்றுதான் பார்க்கவேண்டும். ஒரு துண்டு தின்றார், ஒயினைக் குடித்தார், இன்னொரு துண்டை எடுத்தார். ஃப்ரௌக்கேயும் நானும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். சீமைச்சோம்பு கொஞ்சம் தூக்கல் என்றார், எழுந்து போய்விட்டார். எனக்கு மனசு விட்டுப்போயிற்று, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் வாசல் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஏணிமேல் நிற்கிறார், கக்கத்தில் துடைப்பம். "நின்னு வேடிக்கை பார்க்காத, ஆணியைக் கொடு" என்றார். கொடுத்தேன். கீழே இறங்கினபிறகு, "கறியும் கிரீமும் கெட்டுச்சான்னு நான் மோந்து சொல்றேன், மத்தது உன் பாடு" என்றார். இப்போது தினமும் காலையில் அடுப்படிக்கு வந்து கிண்ணம் கிண்ணமாக மோந்துவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போகிறார், பூனை மாதிரி. சனிக்கிழமை கூடம் நிரம்பிவிட்டது, கேக் மிச்சமில்லை. லோரேகூட வந்து மூன்று துண்டு தின்றாள்.

நீங்கள் இருவரும் ஒற்றுமையாக, வயிறார மனமார இருக்கவேண்டும், ஆண்டவர் உங்கள் வாசலைக் காக்கட்டும். டங்கனின் பெற்றோருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல். அங்கே புது ஒயின் கிடைத்தால் மூடியை இறுக்காதே. ஒன்று மட்டும் மறக்கவேண்டாம், நீ கேக்கை அடுப்பிலிருந்து எடுத்ததும் உட்கார்ந்து, வீடு எப்படி மணத்தது என்று எனக்கு விரிவாக எழுது. இனி அதை நான் படித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ரோஸ்விதா