பழைய டிரெய்லரின் கொக்கி

செவ்வாய், இரவு.

மரவள்ளிக்கிழங்கு ஏற்றுவதற்காகச் சங்ககிரியில் பழைய டிரெய்லர் ஒன்றை இன்று வாங்கினேன். மூன்று மணிக்கு ராகு காலம் வந்துவிடுமே என்ற அவசரத்தில் டயரை மட்டும் உதைத்துப் பார்த்துவிட்டு, பெரிய மெக்கானிக் மாதிரித் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் மகள் அடியில் படுத்து டார்ச் அடித்தாள்.

"ஏனுங்கப்பா, நேரம் பாத்தீங்க, கொக்கியப் பாத்தீங்களா? வெல்டிங் விட்டிருக்குதுங்க. பெயிண்ட் அடிச்சு மறச்சிருக்காங்க."

எங்கள் டிராக்டரை ஓட்டுவது அவள்தான். லோடோடு சரிவில் இறங்கும்போது டிரெய்லரை டிராக்டரோடு பிணைக்கும் அந்தக் கொக்கி கழன்றிருந்தால்... அதற்கு மேல் நினைக்கவில்லை.

"நாளைக்குப் புதுக் கொக்கி போட்டுரலாம் சாமி. மொத லோடு நான் ஓட்டறேன்."

"நீங்க ரிவர்ஸ் எடுக்கறதுக்குள்ள கிழங்கு அழுகிப்போயிருமுங்க!"

வாஸ்தவம்தான். ஊரே நின்று சிரிக்கட்டும். முதல் லோடை நான்தான் ஓட்டுவேன்.