மஞ்சள் கண் சாட்சி

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சுபோ அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். இப்படி எழுதலாமோ என்று யோகராஜ் சித்தப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும். நான் சுகமாக இருப்பது வெளியே தெரிந்தால் உங்கள் அலுவல் கெட்டுவிடும் என்று இந்தக் கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆகையால் முதல் வரியைப் படித்தவுடன் மறந்துவிடு. ஸ்காபரோவில் நீயும் பிரியந்தன் அத்தானும் சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை. அவருடைய தலையே மாற்றி வைத்த தலை என்பதால் உங்கள் விஷயத்தில் அவர் கடுமையாக இருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

ஏன் கடிதம் என்று யோசிப்பாய். வட்ஸ்அப்பில் எழுதினால் அது அத்தானிடம் போய், அவரிடமிருந்து அவருடைய அம்மாவிடம் போய், பொழுதுபடுவதற்குள் மூன்று கண்டம் சுற்றி எங்கள் அம்மாவிடமே திரும்பி வரும். போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த விஷயத்தில் இன்னும் கருத்துச் சொல்லாத ஒரே ஆள் தபால்காரர்தான்.

ஊர்ப் புதினம் ஒன்று. எங்கள் மாடிக்கட்டட லிஃப்டில் "பழுது" என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினேன். லிஃப்டுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் மத்தியானம் வரைக்கும் முழுக் கட்டடமும் மூச்சிரைக்கப் படியேறியது. ஐந்தாம் மாடி ஆன்ரி மரக்கறிப் பையோடு என்னைத் தாண்டிப் போகும்போது அரசாங்கத்தைத் திட்டினார். ஒருவராவது பொத்தானை அமர்த்திப் பார்க்கவில்லை, அக்கா. எழுதி ஒட்டினால் எங்கள் சனம் நம்பிவிடும்.

இனி வீடியோ விஷயம். ஆய்வுகூடத்தில் வளர்த்த கருக்களில் மிஞ்சிய இரண்டு முளையங்களும் என்னைப் போல நோயோடுதான் என்றதையும், இனி முட்டை எடுக்க உன் உடம்பு தாங்காது என்றதையும், முளையத்தின் ஜீனில் கைவைக்கக் கனடாச் சட்டம் விடாது என்றதையும், வேறொரு நாட்டில் ஒரு தனியார் இடம் செய்து தரத் தயார் என்றதையும் அம்மா சொல்லிவிட்டார். எங்கள் காலி வீதியில் ஜீன்ஸ் வெட்டித் தைக்க முக்குக்கு முக்கு ஆள் இருக்கிறது, ஜீனை வெட்டித் தைக்கத்தான் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

அந்த இடத்தில் ஒரு குழு இருக்கிறதாம். குடும்பத்தில் தலசீமியா என்ற இந்த இரத்த நோயோடு வாழ்கிற ஒருவர் கமராவுக்கு முன்னால் தன் கஷ்டத்தைச் சொன்னால்தான் உங்கள் விண்ணப்பத்தை எடுத்துப் பார்ப்பார்களாம். எங்கள் குடும்பத்தில் அந்தத் தகுதி உள்ள ஆள் நான் ஒருவன்தான். முதன்முதலாக ஒரு வேலைக்குப் போட்டியே இல்லாமல் தெரிவானேன்.

சித்தப்பா படப்பிடிப்புக்கு வைத்த நாள் எது என்று உனக்குச் சொன்னார்களோ தெரியாது. எனக்கு இரத்தம் ஏற்றுவதற்கு முதல் நாள். இரத்தம் ஏற்றினால் முகம் தெளிந்துவிடும், முதல் நாளென்றால் கண் மஞ்சளாக, உதடு வெளிறி, குழுவுக்கு வேண்டிய மாதிரியே இருப்பேன் என்பது அவருடைய கணக்கு. கதிரையை விட்டுவிட்டுக் கட்டிலில் இருத்தினார். தொப்பியைக் கழற்றச் சொன்னார். கன்னத்து எலும்பு நன்றாகத் தெரிய யன்னலைப் பாதி சாத்தினார்.

"சிரியாதை. வருத்தக்காரன் மாதிரி இரு."

"வருத்தக்காரன் மாதிரி எப்பிடி இருக்கிறது, சித்தப்பா? நான் வருத்தக்காரனாத்தானே இருக்கிறன்."

சித்தப்பா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அத்தான் எழுதி அனுப்பிய வசனங்களைக் கையில் தந்தார். எல்லாம் உண்மைதான். ஊசி உண்மை, களைப்பு உண்மை, வளர்த்தி நின்றுபோனது உண்மை. கடைசி வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை: "என் வாழ்க்கை இன்னொரு பிள்ளைக்கு வரக்கூடாது." முதல் முறை கொட்டாவி விட்டேன். இரண்டாம் முறை அதைச் செய்தி வாசிப்பவரின் குரலில் சொன்னேன். மூன்றாம் முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தேன். சித்தப்பா கமராவை நிற்பாட்டவில்லை. அம்மாதான் குசினியிலிருந்து மாவுக் கையோடு ஓடிவந்து என் தலையைத் தூக்கினார். பகிடி என்று தெரிந்த பிறகும் என் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை. அப்பா பால்கனியில் பேப்பரை மடித்தார், திரும்பவும் விரித்தார். அத்தோடு படப்பிடிப்பு கலைந்தது.

அந்தக் கட்டிலில் கிடந்து கொட்டாஞ்சேனையை நினைத்துக்கொண்டேன். மறந்திருக்கமாட்டாய். அத்தான் வீட்டார் உன்னைப் பொம்பிளை பார்க்க வந்த நாள். வருத்தக்காரத் தம்பி இருக்கிறான் என்று தெரிந்தால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று, இரவில் எனக்கு மருந்து ஏற்றுகிற சின்னப் பம்பை அரிசி வாளிக்குள் வைத்துவிட்டு, என்னை த்ரீவீலரில் ஏற்றிக் கொட்டாஞ்சேனையில் என் பள்ளிக்கூடச் சினேகிதன் ஷிப்லியின் வீட்டுக்கு அனுப்பினார்கள். "கொஞ்ச நேரந்தானே லவன்" என்று நீயும் சொன்னாய். ஷிப்லியின் உம்மா எனக்கு வட்டிலப்பம் தந்து, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார். லிஃப்ட் பழுது என்றேன். பிறகு கல்யாணத்துக்கு என்னை மறைக்க முடியாது என்பதால் முதல் நாளே இரத்தம் ஏற்றி, கன்னத்தில் அம்மா கொஞ்சம் சிவப்பும் பூசிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்த்து, தம்பி நல்ல நிறம் என்றார்கள். கல்யாணத்துக்கு இரத்தம் ஏற்றிய மறுநாள், வீடியோவுக்கு ஏற்றுவதற்கு முதல் நாள். என்னை எந்தப் பக்கத்தால் காட்டுவது என்பதை எல்லோரும் நன்றாகப் பழகி வைத்திருக்கிறீர்கள்.

சாத்திரியார் இரண்டு சாதகத்தையும் பார்த்து, இந்தமாதிரிப் பொருத்தம் லேசில் வராது என்றார். உண்மைதான், லேசில் வராது. நீயும் நோயில்லாமல் இந்த நோயின் ஜீனைச் சுமப்பவள், அத்தானும் நோயில்லாமல் அதைச் சுமப்பவர். என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் தன் இரத்தத்தையும் சோதித்துப் பார்த்திருப்பார். அதற்குப் பிறகும் உன்னைக் கட்டியிருக்கலாம், விட்டிருக்கலாம். அது அவருடைய முடிவாக இருந்திருக்கும். அந்த முடிவை அவரிடமிருந்து எடுத்தவர்கள் நாங்கள். இன்றைக்கு முடிவெடுக்கிற உரிமையைப் பற்றி எங்கள் வீடே வகுப்பெடுக்கிறது.

அந்த உரிமையில் நான் உன் பக்கம்தான், இதை நம்பு. போன தவணை பள்ளிக்கூடத்தில் நடந்த விவாதத்தில் முளையத்தை மாற்றுவதைத் தடுக்க எந்த அரசாங்கத்துக்கும் அதிகாரமில்லை என்று பேசி வென்றவன் நான். உடம்பு உன்னுடையது, அதற்குள் உண்டானது உங்கள் இருவருடையது. மந்திரியும் மதகுருவும் வாசலுக்கு வெளியே நிற்கட்டும் என்றேன். பிள்ளையின் சம்மதத்தைக் கேட்கவில்லையே என்று எதிரணி கேட்டது. எந்தப் பிள்ளையிடம் எதைக் கேட்டார்கள்? பெயரைக் கேட்டார்களா, சமயத்தைக் கேட்டார்களா, எனக்கு இந்த இரத்தத்தைத் தரும்போது ஒரு வார்த்தை கேட்டார்களா என்றேன். பணக்காரர் மட்டும் செய்வார்கள் என்றார்கள். ரியூஷனும் அப்படித்தான், அதற்காக ரியூஷனை மூடினீர்களா என்றேன். மண்டபம் கைதட்டியது.

ஒன்றுக்கு மட்டும் என்னிடம் விடை இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. வெட்டுகிற கை பிசகி வேறோர் இடத்தை வெட்டிவிட்டால், அதைத் தாங்கப்போவது கையெழுத்து வைத்த நீங்கள் அல்ல. இன்னும் பிறக்காத ஒருவர். இதை யோசி. தடுப்பதற்காகச் சொல்லவில்லை, யோசிப்பதற்காகச் சொல்கிறேன்.

எதிரணியில் பேசியவன் ஷிப்லிதான். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, நீ சொல்வதைப் பார்த்தால் எனக்கு இரத்தம் ஏற்றுவதும் படைத்தவன் வேலையில் கைவைப்பதுதானே என்று அவனைச் சீண்டினேன். அவன் கோபிக்கவில்லை.

"அது வேற மச்சான். ரத்தம் ஏத்துற ஒன்ன வாழ வைக்க. இது ஒன்ன இல்லாம ஆக்குற."

வென்ற கிண்ணம் கையில் இருந்தது. வெள்ளவத்தை வந்து இறங்குவதற்குள் அதைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அக்கா, இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். போன வருடம் ஒரு மாதம் நீ எங்களோடு கதைக்கவே இல்லை. உண்டான பிள்ளை தானாகக் கலைந்துவிட்டது என்று எனக்குச் சொன்னார்கள். நானும் நம்பி, உனக்குச் சிரிப்பு வரட்டும் என்று நாய்க்குட்டி வீடியோக்களாக அனுப்பிக்கொண்டிருந்தேன். போன கிழமை அம்மா சித்தப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அதுவும் இவனைப் போலத்தானெண்டு சோதனையில வந்ததாம். அதுதான் வேண்டாமெண்டு அவையே கலைச்சுப்போட்டினம்."

அதுவும் உன் உரிமைதான். விவாத மேடையில் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், குரல் நடுங்காமல் சொல்வேன். ஆனால் அந்த நாய்க்குட்டிகளை நீ என்ன மனத்தோடு பார்த்திருப்பாய் என்று நினைக்கிறபோது எனக்கு உன்மேல் ஆத்திரமும் வருகிறது, உன் தலையைத் தடவிவிட வேண்டும் போலவும் வருகிறது. எது முதலில் வருகிறதென்று தெரியவில்லை.

அது உன் உரிமையென்றால் ஒரு குழுவின் மனம் இளக என் மஞ்சள் கண் எதற்கு? அவர்கள் அதைக் கேட்டதே பிழை. உன்னை ஒருவரும் மறிக்கக்கூடாது என்பது எவ்வளவு சரியோ, என்னை ஒருவரும் சாட்சிக் கூண்டில் ஏற்றி என் வாழ்க்கையே குற்றம் என்று சொல்ல வைக்கக்கூடாது என்பதும் அவ்வளவு சரி. அந்த வரியை நான் சொல்லமாட்டேன். ஊசியைச் சொல்வேன், களைப்பைச் சொல்வேன். ஆனால் ஷிப்லியோடு கடற்கரைத் தண்டவாளத்தில் நடந்ததும், மாங்காய் வாங்கித் தின்றதும், லிஃப்டில் தாள் ஒட்டியதும் அதே வாழ்க்கையில்தான் இருக்கின்றன. என்மீதும் "பழுது" என்று ஒரு தாளை ஒட்டியிருக்கிறீர்கள். ஒருவராவது பொத்தானை அமர்த்திப் பார்க்கலாம்.

இரத்தம் ஏற்றிய மறுநாள் ஷிப்லியைக் கொண்டு வேறொரு வீடியோ எடுப்பித்தேன். மெரைன் டிரைவில், கடலுக்கு முன்னால், தொப்பியோடு. நடுவில் ரயில் ஒன்று கத்திக்கொண்டு போகிறது, மன்னிக்கவும். அதில் நான் சொல்வது இவ்வளவுதான்: இது இப்படியான நோய், இப்படி நோகும். என் அக்கா தன் பிள்ளைக்கு இதைக் கொடுக்க விரும்பவில்லை. அந்த முடிவு அவளுடையது, உங்களுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல. நான் பிறந்ததற்காக ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. சொல்லி முடித்துச் சிரிக்கிறேன். சித்தப்பா பார்த்தால் முகம் தெளிவாக இருக்கிறது என்று தலையிலடிப்பார். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டேன் என்று நீ சொன்ன பிறகுதான் அதை உன் போனுக்கு அனுப்புவேன்.

அந்தக் குழுவுக்கு இது போதாமல் போகலாம். அதனால் உங்கள் விண்ணப்பமே விழுந்தும் போகலாம். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் எடுத்தேன். அனுப்புவதும் அழிப்பதும் உன் கையில். நீ அழித்தாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன். ஆனால் அனுப்புவதாக இருந்தால் முதலில் அத்தானிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. என் நோய் அவருக்குப் பிறகு தெரியவந்தாலும், அன்றைக்கு என்னை வேண்டுமென்றே ஒளித்த கொட்டாஞ்சேனைக் கதை அவருக்கு இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன். அதை அவருக்குச் சொல்ல வேண்டியவள் நீதான்.

அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. நீ அனுப்பிய எண்ணெய் சரியில்லை, நாறுகிறது. அப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். அதுவே அவருக்கு ஒரு சொற்பொழிவு.

எப்படியோ ஒரு பிள்ளை உன் மடிக்கு வரட்டும். நல்ல இரத்தத்தோடு, என் இரத்தம் இல்லாமல், நோ நொடி அறியாமல் நீண்ட ஆயுளோடு வளரட்டும். இதை முழு மனதோடுதான் எழுதுகிறேன், இதில் பகிடி இல்லை. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் கொழும்புக்கு வரும் நாளில், என்னைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பச் சொல்லாதே, அக்கா.

இப்படிக்கு,
சிரிக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்ளப்பட்ட உன் தம்பி,
லவன்