துணி போட்டு மூடின மைக்ரோவேவ்

என் கப்பல்காரருக்கு,

இதை உடனே எழுதலைன்னா எனக்குத் தலையே வெடிச்சிடும். எவர்சில்வர் டம்ளரை உள்ளே வச்சு, பொறி பறந்ததும் துணி போட்டு மூடிட்டுப் போனீங்களே, அந்த மைக்ரோவேவை நான் திறந்துட்டேன். அது நல்லாத்தான் இருக்கு. குத்தமெல்லாம் டம்ளரை வச்ச புண்ணியவானோடது.

இப்போ சமையல் பாதி அதிலேதான். கொஞ்ச நாளா எண்ணெய் காயற வாசனையே எனக்கு ஆகலை, அடுப்புப் பக்கம் போனாலே குமட்டுது. அதை அப்புறம் சொல்றேன்.

பழைய சோத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, தண்ணி தெளிச்சு, மூடியைச் சாய்ச்சு வச்சு, பாதியில் எடுத்துக் கிளறினா அப்பத்தான் வடிச்ச மாதிரி இருக்கு. கிளறலைன்னா ஓரம் கொதிக்கும், உள்ளே ஜில்லுனு கிடக்கும், உங்க கோபம் மாதிரியே.

கூட வந்த புத்தகத்தை முழுசாப் படிச்சேன். குழந்தைக்குப் பாலை பாட்டிலோட இதில் சுட வைக்கக் கூடாதாம். சூடு சீரா ஏறாதாம், வாய் வெந்துடுமாம். அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சுட்டிருக்கேன்.

அதனால வரும்போது பால் காய்ச்ச சின்னதா ஒரு பாத்திரம் வாங்கிட்டு வாங்க. எவர்சில்வராவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
இப்போ தனியா இல்லாத
உங்க வீட்டுக்காரி