லானின் புத்தாண்டுக் குப்பை

முவைலா, 17 பிப்ரவரி 2007, சனி

இன்று வியட்நாம்காரர்களுக்குப் புத்தாண்டு. என் ரூம்மேட் லான் குளித்துக்கொண்டிருந்தாள். நல்ல நாளாயிற்றே என்று அறையைச் சுத்தமாகப் பெருக்கி, குப்பையைக் கீழே தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். நன்றி சொல்வாள் என்று பார்த்தால், தலையில் துண்டோடு நின்று அரைகுறை இங்கிலீஷில் அலறினாள்.

"ஏன் கூட்டின? மொத நாள் குப்பைய வெளிய போட்டா லக் எல்லாம் போயிரும்! என் புருஷன் விசா கலாஸ், முடிஞ்சுது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண் கலங்கியதும் நின்றுவிட்டது. புருஷனை இந்த வளைகுடா ஊருக்கு வரவழைக்க இரண்டு வருடமாக அந்த விசாவுக்குத்தான் காத்திருக்கிறாள். தவிர, விளக்கு வைத்த பிறகு அவள் துடைப்பத்தைத் தொட்டால், "ஏட்டி, வீடு வெளங்குமா?" என்று கத்துகிறவள் நான். எந்த முகத்தோடு சிரிப்பது?

இருவரும் கீழே ஓடிக் குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டோம். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர், மோதிரம் விழுந்திருச்சா?"

"இல்ல பாய். ஒரு வருஷத்து அதிர்ஷ்டம்."

தொட்டி நிறைய ஒரே மாதிரிக் கறுப்புப் பைகள். கடைசியில் ஒன்றை இழுத்து, "இதுதான்" என்றேன், சத்தியம் செய்வதுபோல. லான் அதை மார்போடு அணைத்துக்கொண்டு மாடியேறி, அறை நடுவில் கொட்டினாள். இனி மூன்று நாளைக்குப் பெருக்கக் கூடாதாம்.

குப்பையிலிருந்து பேரீச்சங்கொட்டைகள் உருண்டு ஓடின. நாங்கள் இருவரும் பேரீச்சம்பழம் வாங்கியதே இல்லை. லான் கவனிக்கவில்லை. இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள்.

யார் வீட்டு அதிர்ஷ்டமோ, என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அவர்கள் தேடி வராமல் இருந்தால் சரி.